மாப்பிள்ளைக் குதிரையின் காது

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடித்து வைக்கலாம் என்று பெரியவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆயிரத்துக்குள் குதிரை அடங்குமா என்பதை மட்டும் அவர்கள் சொல்லி வைக்கவில்லை. அதனால்தான் கல்யாணத் தரகர் ஏரம்பமூர்த்தி துணிந்துவிட்டார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சிங்கப்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையில் எந்த யாழ்ப்பாணத்து வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ரயில் நேரம் மாதிரி மனப்பாடம். ரயிலாவது சில நாள் தாமதமாக வரும்; அவருடைய பொய் தாமதமாக வந்ததே இல்லை.

அன்றைக்கு அவர் பொய்யில் மாட்டிக்கொண்டவன் பசுபதி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, வயது முப்பதைத் தாண்டியவன், படியில் எதிரே பூனை வந்தாலும் ஒதுங்கி வழி விடுகிற சாது. வாகனம் என்று அவன் ஏறியது சைக்கிள் ஒன்றுதான். அதிலும் சிங்கப்பூர்த் தேக்கா முச்சந்தியில் விழுந்து, முட்டிக்காலில் தழும்பு வாங்கி வைத்திருந்தான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு, கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் பெண் பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் அம்பலவாணர் ஈப்போவில் குதிரைப் பந்தயத் திடலில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். பந்தயத்தில் ஒரு காசு கட்டியவரல்ல. குதிரைகளைப் பார்ப்பது மட்டுமே அவருக்குப் போதை.

"சிங்கப்பூரில எவடத்தில இருக்கிறீர், தம்பி?"

"ரேஸ்கோர்ஸ் ரோட்டில, ஐயா."

குதிரைப் பந்தயம் அந்தத் தெருவை விட்டுப் புக்கிட் தீமாவுக்குக் குடிபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெருவுக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம். ஆனால் அம்பலவாணரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை ஏரம்பமூர்த்தி பார்த்துவிட்டார். பச்சை விளக்கைக் கண்ட பிறகு ரயிலை நிறுத்தி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"வெறுமனே இருக்கிறதில்லை ஐயா! மாப்பிளை குதிரை ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாது!"

பசுபதியின் வாய் நிறையப் பயித்தம் பணியாரம் இருந்தது. அவன் அதை விழுங்கி மறுப்புச் சொல்வதற்குள் பெண் தேநீர்த் தட்டோடு வந்துவிட்டாள். குணவதி. பள்ளிக்கூட ஆசிரியை. தட்டை நீட்டியவள் மற்றப் பெண்களைப் போலக் குனிந்த தலையோடு போய்விடவில்லை. அவனை நேராகப் பார்த்து, "குதிரையின்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அவள் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்று பசுபதிக்கு ஆசையாக இருந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே குதிரையின் பெயரைச் சொன்னான்.

"பாதுஷா."

"என்ன நிறம்?"

"வெள்ளை."

அவள் மெல்லச் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். முடிந்தது. அந்தச் சிரிப்புக்காகப் பசுபதி யானை ஏறுகிறவன் என்றுகூட ஒத்துக்கொண்டிருப்பான்.

அம்பலவாணர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "தம்பி, மற்றவை சம்பளத்தைக் கேப்பினம், சாதகத்தைக் கேப்பினம். நான் இதைத்தான் கேக்கிறனான். சவுக்கைத் தூக்கினால் எந்த மடையனும் குதிரை ஓட்டுவான். சவுக்கில்லாமல் ஒரு குதிரை ஒருத்தன் சொல் கேக்குது எண்டால், அவன்ர வீட்டில பொஞ்சாதி பயமில்லாமல் இருப்பாள். முப்பது வருஷமாப் பாத்தனான், இது பிழைச்சதில்லை. பள்ளிக்கூட லீவுக்கு நாங்கள் சிங்கப்பூர் வாறம். நீர் ஏறி ஓட்டுறதைப் பாத்துப்போட்டு நாளைக் குறிப்பம்."

திரும்பும் ரயிலில் ஜொகூர் பாரு வரைக்கும் பசுபதி ஆகாயத்தில் இருந்தான். சிங்கப்பூருக்குள் நுழையும் பாலத்தைக் கடக்கும்போதுதான் தரைக்கு வந்தான்.

"என்ன ஐயா இப்பிடிச் சொல்லிப்போட்டியள்?" என்றான்.

"பேரை நான் சொல்லேல்லை, நிறத்தையும் நான் சொல்லேல்லை," என்றார் ஏரம்பமூர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு. அதில் பிழை சொல்ல முடியாது.

பாதுஷா பசுபதியின் குதிரையல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அது சாகுல் ஹமீதுவின் குதிரை. பசுபதியின் மாடியறைக்குப் பின்புறச் சந்தில் பால்மாட்டுக் கொட்டகைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட லாயம் ஒன்றில் அது இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பந்தயத்துக்காகக் கப்பலேறி வந்த குதிரை. ஓடிய பந்தயத்திலெல்லாம் மற்றக் குதிரைகளுக்கு வழிவிட்டுப் பெருந்தன்மையாக நடந்துகொண்டதால் சாகுல் ஹமீதுவின் கைக்கு மலிவாக வந்து சேர்ந்தது. அவர் அதை மாப்பிள்ளைக் குதிரை ஆக்கினார். தேக்காவிலிருந்து கம்பங் கிளாம் வரைக்கும் தமிழ் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பாதுஷாவின் மேல்தான் ஊர்வலம் போவார். முன்னால் தப்ஸ் அடித்துப் பாடுகிறவர்கள், நடுவே பூச்சரம் முகத்தை மூடிய மாப்பிள்ளை, குதிரையின் தாடையோரம் கயிற்றைப் பிடித்தபடி சாகுல் ஹமீது. இதுதான் வரிசை.

சாகுல் ஹமீதுவுக்கு முனிசிபாலிட்டியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதிக் கொடுப்பதும் பசுபதிதான். அந்த உரிமையில் போய்க் கேட்டான்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏறி உக்காரணுமா, தாராளமா உக்காருங்க தம்பி. ஆனா நீங்க சொல்றதை அது கேக்கணும்னா நடக்காதுலா. மேல இருக்கிறவன் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னுதான் நான் அதைப் பழக்கியிருக்கேன்!"

"அதெப்பிடி பாய்?"

"மாப்பிள்ளைங்களுக்குக் குதிரை ஏறத் தெரியுமா? ஒருத்தன் அழுவான். ஒருத்தன் பிடரியைப் பிடிச்சித் தொங்குவான். ஒருத்தன் மேல உக்காந்துக்கிட்டே வாந்தி எடுத்தான். கடிவாளத்தை இழுக்கிறது என்ன, விலாவில உதைக்கிறது என்ன! அதுக்கெல்லாம் குதிரை காது குடுத்தா ஊர்வலம் ஊர் போய்ச் சேருமா? மேல என்ன கூத்து நடந்தாலும் உனக்குச் சம்பந்தமில்லை, என் மூஞ்சியைப் பாத்து நடன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். பத்து வருஷம் ஆச்சு. இப்ப இந்த ஊருலயே மனுஷன் பேச்சைக் கேக்காத குதிரை இதுதான்!" கடைசி வாக்கியத்தை அவர் பெருமையாகவே சொன்னார்.

"நீங்கள் ஏறி ஓட்டினால் கேக்குமே?"

"நானா? எனக்கென்ன பைத்தியமா தம்பி? என் நிக்காஹுக்கே நான் ஏறலை. குதிரையைக் கையில பிடிச்சிக்கிட்டு முன்னால நடந்து போனேன்."

"அப்ப குதிரைக்கு மேலே ஆர் இருந்தது?"

"யாருமில்லை. அன்னிக்கித்தான் அது ரொம்ப ஒழுங்கா நடந்துச்சு."

ஆக, ஏறத் தெரியாத ஒருவனுக்கு ஏறவே ஏறாத ஒருவர் ஆசான். கேட்கவே கேட்காத ஒரு குதிரை பாடம். ஏறாமல் கெட்டது குதிரை என்பார்கள். இது ஏறியும் கெடுவதற்கு வழி வைத்திருந்தது.

மறுநாள் விடியலில் பேரர் பார்க் திடலில் பசுபதி முதன்முதலாகக் குதிரைமேல் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவனுக்குத் தெரிந்தது, கீழே நின்று பார்க்கிற குதிரையும் மேலே இருந்து பார்க்கிற குதிரையும் வேறு வேறு என்று. மேலே இருந்து பார்த்தால் அது இரண்டு மாடி உயரம். கடிவாளத்தை இழுத்தான். குதிரை சாகுல் ஹமீதுவைப் பார்த்தது. குதிகாலால் மெல்லத் தட்டினான். அது சாகுல் ஹமீதுவைப் பார்த்தது. "நட ராசா, நட," என்று கெஞ்சினான். பந்து விளையாட வந்த பையன்கள் நடந்தார்கள். குதிரை நின்றது.

"நீங்கள் நிக்கிறபடியால்தான் உங்களைப் பாக்குது. எங்கையாவது மறைஞ்சு நில்லுங்கோ," என்றான் பசுபதி.

சாகுல் ஹமீது ஒரு மழைமரத்தின் பின்னால் ஒளிந்தார். பாதுஷா உடனே நடக்கத் தொடங்கியது. பசுபதிக்கு ஒரே குதூகலம். அது நேராக மரத்தைச் சுற்றிப் போய் அவர் தோளில் மூக்கை வைத்து நின்றது. அடுத்த நாள் அவர் தெருவைக் கடந்து சரபத் கடை என்று சொல்கிற டீக்கடைக்குள் புகுந்து பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார். குதிரையும் தெருவைக் கடந்தது. பின்னால் பஸ்காரன் மணியடித்துத் திட்டினான். மேலே இருந்த பசுபதி அவனிடம் மன்னிப்புக் கேட்டான், கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டான், டீ சிந்திய ஒரு கிழவரிடம் மன்னிப்புக் கேட்டான். குதிரை யாரிடமும் கேட்கவில்லை.

பசுபதி குமாஸ்தா அல்லவா? கஷ்டம் வந்தால் எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவன். ஸ்டாம்ஃபோர்ட் ரோட்டு நூலகத்துக்குப் போய்ப் படைத்தலைவர் யாரோ எழுதிய குதிரையேற்றப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் முதலாவதாக இருந்தது காது. குதிரையின் மனம் எங்கே இருக்கிறதோ அங்கே அதன் காது திரும்பும். ஒரு காதாவது பின்னால், ஏறியிருப்பவன் பக்கம் திரும்பியிருந்தால்தான் அது அவனைக் கவனிக்கிறது என்று அர்த்தம். சின்னதாக ஒன்றைக் கேள். அது செய்ததும் கேட்பதை நிறுத்து. சலித்துப் போகுமுன் வேறொன்றைக் கேள். இவ்வளவுதான் சங்கதி.

"ஒரு காது கிடைச்சால் போதும் பாய்," என்றான் பசுபதி.

"வெள்ளைக்காரன் குதிரைக்கு அப்படி இருக்கும். இது தேக்காக் குதிரை," என்றார் சாகுல் ஹமீது.

அவர் சொன்னதுதான் சரி போலிருந்தது. பாதுஷாவின் இரண்டு காதும் ஈட்டி மாதிரி முன்னால்தான் நின்றன. பசுபதி தமிழில் கெஞ்சினான், ஆங்கிலத்தில் உத்தரவு போட்டான், தேவாரம்கூடப் பாடிப் பார்த்தான். ஒரு நாள் விடியலில் அவனுக்கு வெறுத்துப் போய்விட்டது. குணவதியும் வேண்டாம், குதிரையும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. உண்மையில் குணவதி வேண்டும். அதனால்தான் அழுகை வந்தது. இழுப்பதையும் உதைப்பதையும் பேசுவதையும் விட்டுவிட்டு, தோளைத் தொங்கப் போட்டு ஒரு பெருமூச்சு விட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

பாதுஷாவின் இடது காது மெல்லப் பின்னால் திரும்பியது.

பத்து வருஷமாக மேலே ஓயாத சந்தடியையே கேட்டுப் பழகிய குதிரை அது. திடீரென்று சத்தம் நின்றதும், ஆள் விழுந்துவிட்டானோ என்று அதற்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எப்படியோ, காது வந்தது. பசுபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கக் கடிவாளத்தை ஒரு விரலால் தொட்டான். குதிரை தலையை இடப்பக்கம் திருப்பியது. அவன் உடனே விரலை எடுத்துவிட்டான். இன்னும் கொஞ்சம் கேட்டான். ஓரடி வைத்தது. நிறுத்தினான். நின்றது.

"பாய்! காது! காது!" என்று அவன் கத்திய சத்தத்தில் காது மறுபடி முன்னால் போய்விட்டது. பரவாயில்லை. ஒரு தடவை வந்த விருந்தாளிக்கு வழி தெரியும்.

அதற்குப் பிறகு பசுபதி விடியலில் தானே வந்து குதிரைக்குப் புல் போட்டான், தண்ணீர் காட்டினான், உடம்பு தேய்த்துவிட்டான். மேலே ஏறினால் வாயை மூடிக்கொண்டான். நட, நில், திரும்பு, பின்னால் வா என்று ஒவ்வொன்றாக, சின்னச் சின்னதாகக் கேட்டான். குதிரைக்கு இது புது விளையாட்டாக இருந்தது. மேலே இருப்பவன் ஏதோ சொல்கிறான், செய்தால் விட்டுவிடுகிறான் என்று அதற்குப் புரிந்துபோயிற்று. நாளாக நாளாகக் கடிவாளத்தைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. போக வேண்டிய இடத்தை அவன் திரும்பிப் பார்த்தால் போதும், உடம்பு இலேசாகச் சாயும்; அந்தச் சாய்வு குதிரைக்குப் போதும். சாகுல் ஹமீது கண்முன்னால் நின்று பீடி பற்றவைத்தாலும் அது அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

காட்டிக்கொள்ளும் நாள் சீக்கிரமே வந்தது. மசாலைக் கடை ஒலி முகம்மதுவின் மகன் ஹனீபாவுக்கு நிக்காஹ். அந்திக்கு முன்னால் பாதுஷாவின் மேல் ஊர்வலம் புறப்பட்டது. பசுபதியும் விருந்தாளியாகப் பின்னால் நடந்தான். ஹனீபா பயத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் நூடுல்ஸ் வறுக்கிற ஒரு மீ கோரெங் தள்ளுவண்டியிலிருந்து வாசனை வந்தது. பிள்ளை பூச்சரத்தை விலக்கி ஏக்கத்தோடு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பார்வைதான் பார்த்தான், பாவம். பாதுஷா வரிசையை விட்டு விலகி, சாகுல் ஹமீதுவைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு, நேராகப் போய்த் தள்ளுவண்டியின் முன்னால் நின்றது.

கடைக்காரன் வாணலியிலிருந்து தலை நிமிராமலே, "இங்க சாப்பிடவா, பொட்டலமா?" என்று கேட்டான்.

தப்ஸ் அடித்தவர்கள் பெண் வீட்டு வாசல் வரைக்கும் பாடிக்கொண்டே போய், அங்கே திரும்பிப் பார்த்தார்களாம். மாப்பிள்ளை இல்லை. ஒலி முகம்மது சாகுல் ஹமீதுவைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. பசுபதிக்குத்தான் இரண்டு மனம். ஒரு பக்கம் நெஞ்சு பதறியது. இன்னொரு பக்கம், தள்ளுவண்டி முன்னால் நின்ற குதிரையின் இரண்டு காதும் ஹனீபா பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்து அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. யார் ஏறினாலும் கேட்கிறது!

லாயத்துக்குத் திரும்பியதும் சாகுல் ஹமீது வெடித்தார். "என் குதிரையைக் கெடுத்துட்டீங்க தம்பி! பத்து வருஷம் யார் பேச்சையும் கேக்காம மானத்தோட இருந்த பிராணி! இப்ப கண்டவன் கண்ணு போற இடமெல்லாம் போவுது. நாளைக்கி எவன் எனக்குக் கல்யாண ஊர்வலம் குடுப்பான்? போதும், இதோட நிறுத்திக்குவோம்!"

பசுபதி தலையைக் குனிந்துகொண்டான். அம்பலவாணர் குடும்பம் வருவதற்கு இரண்டு ஞாயிறுகூட இல்லை. ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒருவன் கல்யாணத்துக்காக இன்னொருவன் பிழைப்பைக் கெடுக்கலாமா?

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ பாய். நான் இனி வரேல்லை," என்றான்.

அப்போதுதான் சாகுல் ஹமீதுவின் மனைவி ஆயிஷா கஞ்சிப் பானையோடு வெளியே வந்தார். "அந்தத் தம்பியை எதுக்கு ஏசுறீங்க? சொன்னதைக் கேக்குறது ஒரு குத்தமா? அப்படின்னா இந்த வீட்டுல உங்க மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

"தொழில் விஷயத்துல பேசாதே."

"தொழிலுக்குத்தான் சொல்றேன். மாப்பிள்ளை முகத்துல பூச்சரத்தை இன்னும் நாலு வரிசை கூடுதலாக் கட்டச் சொல்லுங்க. எங்கயும் பாக்க முடியாம இருக்கட்டும். கல்யாணத்துக்குப் போறவனுக்குப் போற வழி தெரிஞ்சாத்தான் வம்பு. தம்பி, நீங்க காலையில வாங்க."

சாகுல் ஹமீது வாயைத் திறந்தார். பிறகு கஞ்சி குடிப்பதற்காகத் திறந்ததுபோல அதை மாற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. வெயில் தாழ்ந்து பேரர் பார்க்கில் காற்று வரத் தொடங்கியிருந்தது. மழைமரத்தடியில் பாய் விரித்து அம்பலவாணரின் மனைவி இராசமலரும் குணவதியும் உட்கார்ந்திருந்தார்கள். ஏரம்பமூர்த்தி கோட்டுப் போட்டுக்கொண்டு, தப்பி ஓட வசதியாகத் தெருப்பக்கமாக நின்றார். அம்பலவாணர் குதிரையின் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், பசுபதியின் கையில் சவுக்கில்லை என்பதையும் பார்த்துக்கொண்டார்.

"ஏறும் பாப்பம்."

பசுபதி ஏறினான். நடந்தது, நின்றது, பின்னால் வந்தது, இலேசாக ஓடியும் காட்டியது. சாகுல் ஹமீது பொறாமையோடு கைதட்டினார். அம்பலவாணர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லது. அங்கை ரெண்டு கொடிக்கம்பு தெரியுதெல்லோ? அதுகளைச் சுத்தி எட்டுப் போட்டுக் காட்டும். எட்டுத்தான் எனக்கு முக்கியம்."

எட்டு, விடியலில் பலமுறை போட்டுப் பழகியதுதான். பசுபதி குதிரையைத் திருப்பினான். திருப்பும்போது மழைமரத்தடி கண்ணில் பட்டது. குணவதி நீலச் சேலை உடுத்தியிருந்தாள். பாதுஷா நிதானமாக நடந்து போய்ப் பாயின் விளிம்பில் குணவதிக்கு முன்னால் நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள். பசுபதியும் சிரித்தான். கொடிக்கம்பை உற்றுப் பார்த்துக்கொண்டு புறப்பட்டான். பாதி தூரம் சரியாகத்தான் போனான். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாளா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஒரே ஒரு தரம், கடைக்கண்ணால். பாதுஷா அரைவட்டம் அடித்துத் திரும்பிப் போய் மறுபடி பாயோரம் நின்றது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்பலவாணர் புருவத்தைச் சுருக்கினார். "என்ன தம்பி இது? குதிரை உம்மட சொல் கேக்குதில்லையே."

இனிப் பொய்யைச் சுமந்துகொண்டு எட்டுப் போட முடியாது என்று பசுபதிக்குத் தெரிந்துவிட்டது. "ஐயா, உண்மையைச் சொல்லிப்போடுறன். இது என்ர குதிரை இல்லை. கலியாண மாப்பிளையளை ஏத்துற குதிரை. உங்கட வீட்டுக்கு வந்தபோது நான் குதிரை ஏறினதே இல்லை. அதுக்குப் பிறகுதான் பழகினனான்."

ஏரம்பமூர்த்தி தெருவை இன்னும் கொஞ்சம் நெருங்கினார்.

"தெரியும்," என்றார் அம்பலவாணர். "எந்தக் காலை முதல் வைக்கிறதெண்டு யோசிச்சு நீர் ஏறினபோதே தெரியும். அது கிடக்கட்டும். பழகின குதிரை கேக்கோணுமே? ஏன் திரும்பத் திரும்ப இங்கயே வருகுது?"

சாகுல் ஹமீதுவுக்குப் பொறுக்கவில்லை. அவர் வளர்த்த குதிரையைக் கேட்காத குதிரை என்று பத்து வருஷம் அவரே சொல்லலாம், வேற்றூர்க்காரர் சொல்லலாமா? "ஐயா, அது கேக்குதுங்க! அளவுக்கு மிஞ்சிக் கேக்குது! மேல இருக்கிறவர் கண்ணு எங்க போவுதோ அங்கதான் அது போவும். தம்பி எங்க பாக்குறாருன்னு நீங்களே பாருங்கலா!"

எல்லோரும் பார்த்தார்கள். பசுபதி சட்டென்று குதிரையின் பிடரியைப் பார்த்தான். குதிரை குழம்பித் தன் கழுத்தைத் தானே திரும்பிப் பார்த்தது. பசுபதிக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது. திடலின் நடுவில், இரண்டு மாடி உயரத்தில் உட்கார்ந்திருப்பவன் எங்கே போய் ஒளிவான்?

ஆனால் அம்பலவாணர் கணக்கெழுதிய மனிதர். "அப்ப கொடிக்கம்பைப் பாத்து ஓட்டட்டும். எட்டெண்டால் எட்டு வேணும்," என்றார்.

கொடிக்கம்பை மட்டும் பார்த்தால் குணவதி கிடைப்பாள். குணவதியைப் பார்த்தால் கிடைக்கமாட்டாள். இவ்வளவு எளிய கணக்கு பசுபதிக்கும் தெரியும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கொடிக்கம்பைப் பார்த்தான். மனம் அதைப் பார்க்க மறுத்தது. அவளைக் கடைசியாகப் பார்க்கிறோமோ என்ற பயம் வந்தபிறகு எந்தக் கண் கம்பைப் பார்க்கும்? பாதுஷா ஓரடி அங்கே வைத்தது, ஓரடி இங்கே வைத்தது.

குணவதி கையில் வைத்திருந்த குடையைத் தாயின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கி, முதல் கொடிக்கம்பை நோக்கி நடந்தாள். பசுபதி பார்த்தான். பார்க்காமல் என்ன செய்வான்? பாதுஷா அவள் பின்னால் நடந்தது. அவள் கம்பை வலம் வந்தாள். குதிரையும் வலம் வந்தது. அவள் குறுக்கே நடந்து அடுத்த கம்பை இடம் சுற்றினாள். குதிரையும் சுற்றியது. அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடந்தது, நின்றால் நின்றது. பந்து விளையாடிய பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடிவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. பேரர் பார்க்கில் அப்படி ஒரு எட்டை அன்றைக்கு வரைக்கும் யாரும் போட்டிருக்கமாட்டார்கள். ஒன்று முடிந்து அவள் இரண்டாவதும் போட்டாள். அவளுக்கே அது பிடித்துப்போய்விட்டது என்று தெரிந்தது.

"எட்டு எட்டுத்தான்," என்றார் அம்பலவாணர், வேறு வழியில்லாமல். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "பிள்ளை குதிரையை என்ன மாதிரிப் பழக்கிப்போட்டாள், பாத்தீரே!" என்றார்.

"குதிரையை மட்டுமே?" என்றார் இராசமலர்.

ஏரம்பமூர்த்தி தெருவோரத்திலிருந்து திரும்பி வந்து, தை மாதத்தில் நல்ல நாள் எது என்று யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

திடலின் மறுகோடியில் குணவதி நின்றாள். பாதுஷாவும் நின்றது. இரண்டு காதையும் மேலே இருந்தவனிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது.

அவள் குதிரையின் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள். செந்தூலில் பார்த்ததுபோலவே நேரான பார்வை.

"இனி முன்னால பாத்து ஓட்டுங்கோ," என்றாள். "நான் பக்கத்திலதான் வாறன்."

பசுபதி முன்னால் பார்த்தான். குதிரை நேராக நடந்தது.